புத்தகத்தை மூடிவைத்து பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது எப்படி

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் பலருக்கும் இலக்கணத்தைவிடப் பேச்சுதான் அவசரமாகத் தேவைப்படுகிறது. கல்யாணமாகி, விசா வருவதற்குள் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வரும் பெண்கள். அப்பாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் அங்கே போய் வேலை தேட நினைக்கும் பையன்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்பதால், அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக ஒரு அந்நிய மொழியைத் தொடும் பாட்டிகள். முத்தியால்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் நான் பாடம் எடுப்பது இவர்களுக்குத்தான். இவர்கள் போய் இறங்கும் இடம் பெரும்பாலும் சார்செல், லா கூர்நேவ் மாதிரியான பாரிஸ் புறநகர். அங்கே மருந்துக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் எதிரே நிற்பவர் சொல்வது காதில் பிடிபட வேண்டும். பதில் யோசிக்காமல் வாயில் வர வேண்டும்.

அதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: முதலில் கேட்பது, அப்புறம் திருப்பிச் சொல்வது, அதைத் தினமும் கொஞ்சம் செய்து பழக்கமாக்குவது, எழுத்தைக் கடைசியில் காட்டுவது. வீட்டில் டியூஷன் எடுப்பவர்களும், சின்ன நிறுவனங்களில் மாலை வகுப்பு எடுப்பவர்களும் எடுத்த எடுப்பில் வினைச்சொல் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குப் பல மொழி பேசத் தெரிந்த ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவரையும் மொழியியலாளர் ஒருவரையும் வைத்து, மணிக்கணக்காகக் கேட்கவும் பேசவும் வைத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரைஸ் ஆங்கிலம் கற்பிக்க இதே வழியில் வாக்கியப் பயிற்சிகளை உருவாக்கினார். இதற்கு ஆடியோலிங்குவல் என்ற பெயரைக் கொடுத்தவர் நெல்சன் ப்ரூக்ஸ். மொழி என்பது பழக்கம், சரியாகச் சொன்னதை உடனே ஊக்குவித்தால் அது நிலைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னது இதற்குப் பின்பலமாக இருந்தது. 1959-ல் நோம் சாம்ஸ்கி அதைக் கடுமையாக மறுத்தார். ஒரு குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத வாக்கியத்தையும் பேசுகிறதே, வெறும் பழக்கத்தால் அது எப்படி முடியும் என்பது அவர் கேள்வியின் சாரம். மொழிக்கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழகாகத் திருப்பிச் சொன்ன மாணவர்கள் வெளியே வந்து பேசத் திணறியதும் உண்மைதான்.

நான் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன். வாய் பழகுவதற்குத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் அர்த்தம் ஏறாத வாக்கியத்தை நூறு தடவை சொன்னாலும் அது தெருவில் உதவாது. இந்த இரண்டையும் சேர்த்து எப்படி நடத்துவது என்பதுதான் ஆசிரியரின் வேலை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொன்ன ஊர் இது. திருப்பிச் சொல்ல நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அர்த்தத்தை உள்ளே கொண்டுவருவதில்தான் கவனம் வேண்டும்.

முதல் வகுப்பு

நோட்டும் பேனாவும் பையிலேயே இருக்கட்டும். ஆறு வாக்கியம் போதும். நான் எடுத்துக்கொள்வது ரொட்டிக்கடைப் பேச்சு. "போன்ஜூர் மதாம்." "ஜெ வூத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே." "செ கொம்பியேன்?" "வ்வாலா." "மெர்சி." "ஒ ரெவ்வார், பொன் ஜூர்னே." வணக்கம், ஒரு பகெத் வேண்டும், எவ்வளவு, இந்தாருங்கள், நன்றி, போய்வருகிறேன். பகெத் ரொட்டி நம் ஊர் பேக்கரியிலேயே கிடைக்கும். ஒன்றை வாங்கி மேஜைமேல் வையுங்கள். சில்லறையும் வையுங்கள்.

இந்த வாக்கியங்களை இங்கே தமிழில் எழுதியிருப்பது, எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிவதற்காக மட்டும். மாணவருக்கு இப்படி எழுதிக்கொடுக்காதீர்கள், அவர்களாக எழுதிக்கொள்ளவும் விடாதீர்கள். தமிழ் எழுத்தில் இடமில்லாத ஒலிகள் பிரெஞ்சில் பல உண்டு. ஒருமுறை தமிழில் எழுதிவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் உங்களைக் கேட்கமாட்டார்கள், நோட்டைத்தான் படிப்பார்கள்.

ரொட்டியைக் கையில் எடுத்து, வாக்கியத்தை இயல்பான வேகத்தில் நாலைந்து முறை சொல்லுங்கள். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த அமைதிதான் பாடத்தில் பாதி, இதை அவசரப்பட்டுக் கெடுக்க வேண்டாம். அர்த்தம் பொருளிலிருந்தும் கையசைவிலிருந்தும் பெரும்பாலும் புரிந்துவிடும். புரியவில்லை என்றால் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். தாய்மொழியே கூடாது என்று அந்தக் காலத்து முறைக்காரர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தமிழ் வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஐந்து நிமிடம் நடித்துக் காட்டுவது நேரத்தை வீணாக்குவது.

அதன்பின் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள், சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பாதிப் பாதியாக. கடைசியில் ஒவ்வொருவராக. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது நீங்கள் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு குரல் கொடுக்காமல் இருப்பவர் எப்போதும் ஒருவராவது இருப்பார், பக்கத்தில் போனால்தான் தெரியும். யாராவது தவறாகச் சொன்னால் "தப்பு" என்று நிறுத்த வேண்டாம். சரியான வாக்கியத்தை அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் மறுபடி சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்வார், மேலே போங்கள். ஒரே வாக்கியத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் அரைக்கக் கூடாது. அலுப்பு வந்த பிறகு வரும் குரலில் பழக்கம் படியாது.

மெதுவாகப் பேசுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் மேல் இருக்கும் இரக்கத்தால் நாம் ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சில் அது கெடுதல். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். "ஜெ வூத்ரே" என்பது கடையில் "ஜ்வூத்ரே" என்று ஒரே மூச்சில் காதில் விழும். பிய்த்துக் கேட்டுப் பழகியவருக்கு ஒட்டி வருவது வேறு மொழியாகத் தெரியும். மெதுவாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சொற்றொடருக்கும் சொற்றொடருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், உள்ளே விடாதீர்கள்.

நீண்ட வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டுவது

இந்த ஒரு உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்கு மகிழ்ச்சி. நாளைக் காலை டாக்டரைப் பார்க்க நேரம் வேண்டும் என்று கேட்பதற்கு: "ஜெ வூத்ரே அன் ரான்தேவூ அவெக் லெ தொக்தர் தெமேன் மத்தேன்." முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தால் பாதியில் மூச்சு முட்டும், கடைசி வார்த்தைகள் குழறும். அதனால் வாலிலிருந்து ஆரம்பியுங்கள். "தெமேன் மத்தேன்." அவர்கள் சொல்வார்கள். "அவெக் லெ தொக்தர் தெமேன் மத்தேன்." அப்புறம் "அன் ரான்தேவூ அவெக் லெ தொக்தர் தெமேன் மத்தேன்." கடைசியாக முழு வாக்கியம்.

இப்படிச் செய்யும்போது மாணவர் எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறார். போகப் போகக் குரல் உறுதியாகும். இன்னொரு காரணமும் உண்டு. பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். கடைசியிலிருந்து கட்டினால் அந்த இராகம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கும். முதலிலிருந்து கட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்து அதுவும் சேர்ந்து பழகிவிடும்.

மாற்றிச் சொல்லும் பயிற்சியும், உண்மை சொல்லும் சுற்றும்

வாக்கியம் வாயில் படிந்ததும் அதில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டும். "ஜெ வே ஆ லா ஃபார்மசி", மருந்துக்கடைக்குப் போகிறேன். நீங்கள் "போஸ்த்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் "ஜெ வே ஆ லா போஸ்த்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். "கார்" என்றால் ரயில் நிலையம், "ஜெ வே ஆ லா கார்". "மேரி" என்றால் நகராட்சி அலுவலகம், "ஜெ வே ஆ லா மேரி". கடற்கரையில் 2014 மழையில் இடிந்து விழுந்து மறுபடி கட்டிய அந்த மேரி கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம். இது நன்றாக ஓடும்போது சந்தையைக் குறிக்கும் "மார்ஷே" என்று போடுங்கள். அங்கே "ஆ லா" வராது, "ஒ மார்ஷே" என்று வரும். மருத்துவமனைக்கு "ஆ லொப்பித்தால்". விதியைச் சொல்லாதீர்கள். மூன்றையும் கலந்து கலந்து கேளுங்கள். சில வகுப்புகளில் "ஆ லா மார்ஷே" என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கே காது கூசும். அந்தக் கூச்சம் வந்துவிட்டால் விதி உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். விதியை வார்த்தையாகச் சொல்ல வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான், அப்போது அது அரை நிமிடத்தில் புரியும்.

பழைய முறை பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் இதோடு இன்னொரு சுற்றைச் சேர்க்கிறேன், அதை விடவே மாட்டேன். இப்போது அவரவர் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று நீ எங்கே போகிறாய்? லாஸ்பேட்டையிலிருந்து வரும் பெண் வங்கிக்குப் போகப் போகிறாள் என்றால் "ஜெ வே ஆ லா பான்க்" என்று சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் அவளைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்கட்டும். தெரியாத வார்த்தை தேவைப்பட்டால் அப்போது கொடுங்கள், அது மறக்காது. இதுவரை வாய் பழகிய வடிவத்துக்குள் இப்போதுதான் அவள் வாழ்க்கை நுழைகிறது. இந்தச் சுற்று இல்லாமல் முடிகிற வகுப்பை நான் வகுப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இல்லை என்று மாற்றுவதும் இதே வழிதான். "ஜெ ப்ரான் லெ புஸ்", பஸ் பிடிக்கிறேன்; "ஜெ நெ ப்ரான் பா லெ புஸ்", பிடிக்கவில்லை. சொல்லும்போது "நெ" சேர்த்தே சொல்லட்டும். ஆனால் கேட்கும்போது "நெ" இல்லாமலும் கேட்கப் பழக்குங்கள். பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள், "பா" மட்டும்தான் மிஞ்சும். "பா" காதில் பட்டதும் கை தூக்குங்கள் என்று ஒரு சின்ன விளையாட்டு வைத்தால் இது சுலபமாக வரும்.

தமிழ்க் காதுக்கு எது எளிது, எது கடினம்

நம் மாணவர்களுக்குச் சில ஒலிகள் ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. ஆங்கிலேயருக்காக எழுதிய பாடநூல் அதைச் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

மூக்கொலி உயிர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிலேயே பெரிய கஷ்டம் அதுதான் என்று பேர் வாங்கியது. மாணவரை "நேத்து வந்தான்" என்று வீட்டில் பேசுவதுபோல வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் "ன்" இருக்கிறது, ஆனால் பேச்சில் நாக்கு மேலே தொடுவதே இல்லை. "வந்தா" என்று மூக்கோடு நிற்கிறது. அந்தக் கடைசி ஒலிதான் காற்றைக் குறிக்கும் "வான்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவுக்குக் கிட்டத்தட்ட வரும். "நான் பேசினேன்" என்பதன் முடிவு, ரொட்டியைக் குறிக்கும் "பேன்". "பணம்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது வரும் முடிவு, நல்லது என்ற பொருள்படும் "போன்". மூன்று மூக்கொலிகளும் அவர்கள் வாயிலேயே இருக்கின்றன என்று காட்டிவிட்டால், அதுவரை பயந்துகொண்டிருந்தவர் முகம் தெளிவதைப் பார்க்கலாம். முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

ப, த, க மூன்றும் கூட நமக்குச் சாதகம். ஆங்கிலத்தில் இவற்றை வார்த்தை முதலில் மூச்சைத் தள்ளிச் சொல்வார்கள். பிரெஞ்சில் அந்த மூச்சு இல்லை, தமிழிலும் இல்லை. கான்வென்ட்டில் படித்து ஆங்கிலம் நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் இங்கே திருத்தம் தேவைப்படும். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து "பாரி" என்று சொல்லச் சொல்லுங்கள். காகிதம் ஆடக் கூடாது.

கஷ்டமான இடம், ஸகரமும் அதன் அதிரும் ஜோடியும். மீனுக்கும் விஷத்துக்கும் பிரெஞ்சில் ஒரே ஒரு மெய்யொலிதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் "ப்வாஸோன்" ஆகிவிடும். "அவர்கள் இருக்கிறார்கள்" என்பதற்கும் "அவர்களிடம் இருக்கிறது" என்பதற்கும் அதே வித்தியாசம்தான், இரண்டும் "இல் ஸோன்" என்று நம் காதில் விழும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். விஷத்தில் தொண்டை அதிரும், மீனில் அதிராது. ஆனால் வாயை வற்புறுத்துவதற்கு முன் காதைச் சோதியுங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். மீன் என்றால் ஒரு விரல், விஷம் என்றால் இரண்டு விரல். கண் மூடியிருப்பதால் பக்கத்து விரலைப் பார்த்துக் காட்ட முடியாது. பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை சொல்ல வைக்காதீர்கள். காது பிரிக்காததை வாய் பிரிக்காது.

அடுத்தது அந்த உய் ஒலி. பழைய பிரெஞ்சு கவர்னர் பெயரைத் துய்ப்ளேக்ஸ் என்று நம் ஊரில் எழுதுவதில் வரும் "உய்" இதைப் பிடிக்கத்தான் முயல்கிறது. "இ" என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் "உ"வுக்குக் குவிக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் பிரெஞ்சில் இந்த ஒரு உயிரொலிதான் வித்தியாசம்: "தெஸுய்", "தெஸு". மேஜைக்கு மேலும் கீழும் ஒரு சாவியை மாற்றி மாற்றி வைத்துப் பயிற்சி கொடுத்தால் அர்த்தமும் ஒலியும் சேர்ந்தே பதியும்.

ரகரத்துக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். தொண்டையில் வரும் பிரெஞ்சு ரகரம் தானாக மெல்ல வரும், வராவிட்டாலும் நம் ரகரம் அங்கே புரியும்.

இனி, நாற்காலிக்கும் மேஜைக்கும் பால் பிரிப்பது. உயர்திணையில் மட்டும் ஆண், பெண் பார்க்கும் நமக்கு இது விசித்திரம். பாகூரிலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்:

"மிஸ், புத்தகம் ஏன் ஆம்பளை, நாற்காலி ஏன் பொம்பளை?"

"காரணம் தேடாதம்மா. நாற்காலின்னு தனியா ஒரு சொல் இருக்குன்னே நினைக்காதே. 'லா ஷேஸ்', அவ்வளவுதான். ரெண்டும் ஒரே சொல்."

ஒரு பெயர்ச்சொல்லைக்கூட "லெ" அல்லது "லா" இல்லாமல் நீங்கள் வகுப்பில் உச்சரிக்கக் கூடாது. படத்தைக் காட்டிக் கேட்கும்போதும், பதிலை ஏற்கும்போதும் அப்படியே. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர்கள் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிப்பார்கள். சேர்த்தே கேட்டவர்களுக்கு அது தானாக ஒட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் நடக்கும் பாதிப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிடத் தினமும் இருபது நிமிடம் பலன் தரும். அந்த இருபதையும் காலை பத்து, மாலை பத்து என்று பிரித்தால் இன்னும் நல்லது. பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் 1967-ல் ஒரு கணக்கை முன்வைத்தார். புதிதாகக் கேட்டதை 5 விநாடியில் ஒருமுறை நினைவுபடுத்து, அப்புறம் 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போ என்றார். அதை அப்படியே கடிகாரம் வைத்துச் செய்ய வேண்டியதில்லை. முதல் நான்கையும் வகுப்புக்குள்ளேயே செய்துவிடலாம். வேறு வாக்கியத்துக்குப் போன பிறகு திடீரெனத் திரும்பிப் பழையதைக் கேளுங்கள். மிச்சம் வீட்டுக்கு.

வீட்டுக்கு நான் அனுப்புவது வாட்ஸாப் குரல் பதிவு. அதைப் பதிவு செய்யும் விதத்தைக் கவனமாகச் சொல்கிறேன், இது மொழிக்கூடங்களில் பயன்பட்ட பழைய அமைப்பு. முதலில் தூண்டுதல்: "ஃபார்மசி." பிறகு மாணவர் முழு வாக்கியத்தைச் சொல்ல இடைவெளி. பிறகு உங்கள் குரலில் சரியான விடை: "ஜெ வே ஆ லா ஃபார்மசி." பிறகு அதைத் திருப்பிச் சொல்ல இன்னொரு இடைவெளி. இடைவெளி எவ்வளவு என்று தெரியவில்லை என்றால், பதிவு செய்யும்போதே அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை நிதானமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அதுதான் அளவு. ஒரு பதிவு மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். தினமும் ஒரு வாக்கியத்தை அவர்களே பதிவு செய்து திருப்பி அனுப்பட்டும். அதற்கு நீங்கள் பதில் அனுப்புவது முக்கியம், ஐந்து விநாடிக் குரலாக இருந்தாலும் சரி. பதில் வராத வீட்டில் பழக்கம் இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

நேரத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு ஒட்டவையுங்கள். என்னிடம் வரும் ஒரு பாட்டி காலையில் உலை வைத்துவிட்டு போனை அலமாரியில் சாய்த்து வைத்துக் கேட்பார், சோறு வடிப்பதற்குள் அன்றைய பதிவு இரண்டு முறை முடிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. காதில் இயர்போனோடு பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே நடந்துகொண்டே, கேட்பதை ஒரு விநாடி பின்னால் சன்னமாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் குரல் ஒன்றையே கேட்கவைக்காதீர்கள். அவர்கள் போகும் புறநகர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், அரபு நாட்டிலிருந்து வந்தவர், கிழவர், குழந்தை என்று எல்லோருடைய பிரெஞ்சும் காதில் விழும்; பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க்கடைகளில் நம்மவர்கள் பேசும் பிரெஞ்சும் விழும். ஓரளவு பழகியவர்களுக்கு ஆர்எஃப்ஐ என்ற பிரெஞ்சு வானொலி எளிய பிரெஞ்சில் தரும் பத்து நிமிடச் செய்தியைக் கொடுங்கள். முழுவதும் புரிய வேண்டியதில்லை. தெரிந்த ஊர்ப் பெயரும் எண்களும் பிடிபட்டாலே முதல் மாதத்துக்குப் போதும். உங்கள் சொந்த உச்சரிப்பு பாரிஸ் உச்சரிப்பு இல்லையே என்று கவலைப்படுகிற ஆசிரியர்களும் இதைச் செய்தால் அந்தக் கவலை பாதி தீரும்.

எண்கள் தனி வேலை. 70 என்பதற்கு அறுபது-பத்து, 80-க்கு நான்கு இருபது, 90-க்கு நான்கு இருபது-பத்து என்று போகும். கூட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது, ஒலியாகவே பழக வேண்டும். பிரான்ஸில் தொலைபேசி எண் பத்து இலக்கம், அதை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். தினமும் மூன்று கற்பனை எண்களைச் சொல்லி எழுதவைப்பது அருமையான கேட்கும் பயிற்சி. "சுவசாந்த்" (அறுபது) என்று கேட்டதும் 6 என்று எழுதிவிடுவார்கள், அடுத்து "தூஸ்" (பன்னிரண்டு) வந்தால் அது 72. அடுத்த ஒலி வரும்வரை பேனா காத்திருக்கப் பழக வேண்டும்.

எழுத்தை எப்போது காட்டுவது

வாயில் சரளமாக வந்துவிட்ட வாக்கியத்தை மட்டும், அதுவும் சில வாரங்களுக்குப் பிறகு. பிரெஞ்சில் "அவன் பேசுகிறான்", "அவர்கள் பேசுகிறார்கள்" இரண்டும் காதுக்கு ஒரே "இல் பார்ல்" தான். எழுத்தில் மட்டும் பன்மைக்குக் கடைசியில் இரண்டு எழுத்து கூடுதலாக நிற்கும். கண்ணால் முதலில் பார்த்தவர் அந்த இரண்டையும் உச்சரிப்பார், அதைக் கழற்ற மாதக்கணக்காகும். காதால் முதலில் கேட்டவருக்கு அது எழுத்து வழக்கம், அவ்வளவுதான்.

படிக்க ஆரம்பிக்கும் நாளில் நான் புத்தகம் கொடுப்பதில்லை, கடற்கரைப் பக்கத்துத் தெருக்களுக்குக் கூட்டிப் போவேன். பெயர்ப் பலகைகள்தான் பாடம். துய்மா வீதிப் பலகையில் கடைசி எழுத்து ஊமை. ரொமேன் ரொலான் வீதியில் இரண்டு மூக்கொலிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஃப்ரான்ஸ்வா மர்த்தேன் வீதியில் இன்னும் இரண்டு. "பேசினேன்", "வந்தான்" என்று வகுப்பில் பழகிய அதே ஒலிகளைப் பலகையில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கிறது, 1889-ல் தொடங்கியது. நூலகத்தில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கான புத்தகங்களிலிருந்து எடுக்கட்டும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு

டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் தொடக்க நிலை) தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. கேட்டலும் பேச்சும் சேர்ந்து பாதி மதிப்பெண் என்பதால் இந்த முறையில் படித்தவர்களுக்குக் கவலை குறைவு. எழுத்துக்கு மட்டும் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் தினமும் ஒரு சின்ன அஞ்சலட்டை எழுதவைத்தால் போதும்.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். ஒலி தொடங்குமுன் கேள்வியைப் படிக்கச் சிறிது நேரம் கிடைக்கும், அதை முழுவதும் கேள்விக்கே செலவிடட்டும். முதல் முறை போடும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு யார் பேசுகிறார், எங்கே, எதற்கு என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறையில் மணி, விலை, பிளாட்பார எண் போன்றவற்றைக் குறிக்கட்டும்.